வாசல் நாற்காலி

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித் தொடங்க முடியவில்லை. யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அதனால் பயந்துவிடாதே. நீ போனில் பேசும்போதெல்லாம் "வீட்டுல என்ன விசேஷம்?" என்பாய், நான் "ஒண்ணுமில்லண்ணா" என்பேன். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது வேறு என்ன சொல்வது? என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. எழுதினால்தான் எனக்கு வாய் திறக்கும்.

அம்மா போன மாதமே சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் உன்னிடம் பேசுவதெல்லாம் அங்கிருந்துதான். புள்ள தூர தேசத்தில் தனியாக இருக்கிறான், அவன் நிம்மதியைக் கெடுக்காதே என்று என் வாயை அடைத்து வைத்திருந்தாள்.

வாழ்நாள் முழுக்க ஆலை கேட்டில் நின்று, ஷிப்ட் முடிந்து போகிறவர்களின் பையையும் சாப்பாட்டு டப்பாவையும் திறந்து பார்த்து அனுப்பிய மனிதர் அப்பா. ஓய்வு பெற்றால் அந்தப் பழக்கம் ஆலையோடு போய்விடும் என்று நினைத்தோம். வீட்டுக்கு வந்துவிட்டது. காலையில் முகம் மழித்து, பழைய கம்பெனி பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, வாசல் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். யார் உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் பையைத் திறந்து காட்ட வேண்டும்.

முதலில் அம்மா சிரித்தாள். "இங்கயும் உங்களத்தான் போஸ்டிங் போட்டுட்டாங்களா? சம்பளம் யார் தர்றா?" என்று கேட்டாள். பிறகு சிரிக்கவில்லை. கடைக்குப் போய் வந்தால் சோப்பை வெளியே எடு, அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பார். திருடுகிறாள் என்று அவர் நினைக்கவில்லை, அண்ணா. அதைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை. சந்தேகமே இல்லாமல் சும்மா பார்க்கிறார்.

அவர் ஓய்வு பெற்றதும் இரண்டு பேரும் சாயங்காலம் ஏரிக்கரையில் நடக்கலாம், ரயிலேறி எங்காவது போய்வரலாம் என்று அம்மா எவ்வளவோ கனவு கண்டிருந்தாள். இருவருக்கும் நடக்கிற ஷூ கூட வாங்கினாள். அவளுடையதை அவள் போட்டுத் தேய்த்துவிட்டாள். அவருடையது இன்னும் பெட்டியில் இருக்கிறது. வாசலை விட்டுவிட்டு எப்படி வருவது என்பார்.

எதிர்வீட்டு வெல்டர் மாமா ஒருநாள் அவரைக் கேரம் ஆட இழுத்துக்கொண்டு போனார். எனக்கு அன்று அவ்வளவு சந்தோஷம். ஆட்டத்தின் நடுவில் ஸ்ட்ரைக்கரைக் காணவில்லையாம். அப்பா எழுந்து எல்லோரையும் வரிசையில் நிற்கச் சொல்லி, சட்டைப்பையைத் தட்டிப் பார்த்திருக்கிறார். முதலில் விளையாட்டு என்று நினைத்துக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்களாம். கடைசியில் ஸ்ட்ரைக்கர் பலகைக்கு அடியில் கிடைத்தது. அதன்பிறகு மாமா அவரைக் கூப்பிடவில்லை. என்னிடம் மட்டும், "உங்கப்பன் நல்ல மனுசன்தாம்மா, ஆனா ரிட்டயர் ஆகலை" என்றார்.

சித்தி வந்திருந்தபோதுதான் எல்லாம் உடைந்தது. கிளம்புகிற நேரம், சித்தியின் மருமகன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தார். அப்பா நாற்காலியை விட்டு எழாமல், "பையைத் திறம்மா" என்றார். சித்தி கேலி என்று நினைத்து நடந்தாள். அவர் காலை நீட்டி வழியை மறித்தார். மருமகன் முன்னால் சித்தி பையைத் திறந்தாள். உள்ளே, அம்மா அவளுக்குக் கொடுத்திருந்த போர்வை. "இது நம்ம வீட்டுதுதானே?" என்றார் அப்பா. சித்தி அதை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டுக் காரில் ஏறினாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அம்மா உள்ளே போய் நாலு துணியை ஒரு பையில் அடைத்துக்கொண்டு வந்தாள். அப்பாவின் முன் பையை விரித்துப் பிடித்து, "பாத்துக்குங்க. இதத்தான் எடுத்துட்டுப் போறேன்" என்றாள். தடுப்பார் என்று நான் நினைத்தேன். அவர் குனிந்து கையை விட்டுத் துணிகளைப் புரட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, கேட்டில் எல்லோரிடமும் சொல்வதுபோல, "சரி, போகலாம்" என்றார்.

அவளும் சித்தியோடு அதே காரில் ஏறிப் போய்விட்டாள்.

வேணுமென்றே சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று அப்பா அன்று இரவெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கட்டும் என்று அம்மாவுக்கு நானே போன் போட்டுக் கொடுத்தேன். எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தாய், எந்த வழியாகப் போனீர்கள் என்று கேட்டார். பிறகு கேட்க ஒன்றுமில்லாமல் போனை என்னிடம் நீட்டினார்.

அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருக்கிறாள். வாசலிலிருந்து அந்த நாற்காலி போகட்டும், அன்றைக்கே வருகிறேன் என்கிறாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அப்பாவிடம் சொன்னேன். தலையாட்டினார். நாற்காலியை நானே தூக்கி உள் அறையில் போட்டேன். அவரும் தடுக்கவில்லை. மனசுக்குள் அம்மாவின் அறையைக் கூடப் பெருக்கிவிட்டேன். மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பியபோது அதே இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். சாயங்காலம் வந்தபோதும் நின்றுகொண்டிருந்தார். கால் இரண்டும் வீங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு.

ஏனப்பா என்று கேட்டேன். "கேட்டுல ஒவ்வொருத்தரும் என் முன்னால ஒரு நிமிசம் நின்னுட்டுத்தாம்மா போவாங்க. இப்ப யாரும் நிக்கறதில்லையே" என்றார்.

நாற்காலியை நானே திரும்பக் கொண்டுவந்து போட்டேன், அண்ணா.

அம்மா போன் செய்து அதைப் பற்றித்தான் முதலில் கேட்டாள். நான் பேச்சை மாற்றியதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. இன்னொன்று, எனக்குப் பரிசோதனைக் கூடத்தில் புது வேலை கிடைத்திருக்கிறது. நான் படித்த படிப்புக்கு ஏற்ற முதல் வேலை. ஆனால் ஊர் தூரம், அங்கேயே தங்க வேண்டும். அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். "நீ கெளம்பு. அவருக்காக நீ நிக்காத. நான் நின்னு பாத்துட்டேன்" என்கிறாள். அடுத்த மாதத் தொடக்கத்தில் சேர வேண்டும். அப்பாவிடம் சொல்ல மூன்று முறை போய், மூன்று முறையும் சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

நம் வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான், எனக்கு வழி தெரியும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தெரியவில்லை. அவரைத் தனியே விட்டுப் போகவும் முடியவில்லை, போகாமல் இருந்தால் நானும் இந்த வாசலோடு முடிந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஒரு வாரம் வந்துவிட்டுப் போயேன். நீ வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். லீவு கிடைக்காது என்றால் அதையும் மறைக்காமல் உடனே எழுதிவிடு. அப்போது நான் நாள் எண்ணிக்கொண்டு இருக்கமாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி ஷிப்ட்டைக் குறைத்துக்கொள். நீயாவது நன்றாக இரு, அண்ணா.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
தங்கை