பெரியம்மா இல்லையா?

ஏங்க,

"நீயே டை அடிச்சா பின்மண்டை வரிக்குதிரை ஆயிடும், பார்லருக்குப் போ" என்று காலையில் மல்லுக்கு நின்றீர்களே. நானே அடித்துக்கொண்டேன். ஒரு முடி தப்பவில்லை. பார்லர் காசும் மிச்சம்.

தலை துவட்டும்போது நம் தபால்காரர் உங்கள் பார்சலோடு வந்தார்.

"கையெழுத்துப் போடுற பெரியம்மா இல்லையாம்மா?"

"வெளிய போயிருக்காங்க" என்று சந்தோஷத்தில் சொல்லிவிட்டேன். பார்சலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் வருவாராம், நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். அக்கா வீட்டில் தலையைக் காட்டிவிட்டு வருகிறேன்.

பி.கு.: டை பாதிப் பொட்டலம் அலமாரியில் இருக்கிறது. அவர் வருவதற்குள் மீசைக்காவது பூசிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உங்களை என் அப்பா என்று நினைத்துக்கொள்வார்.