முந்திக்கொண்ட பதில்

வாயாடி,

சாப்பாடு மேஜை மேல மூடியிருக்கு. மாமாகூட நான் ஆஸ்பத்திரியில இருந்துக்கறேன், நீ தூங்கு.

ஆபரேஷன்ல உங்கப்பாவுக்குக் குரல் போறதுக்கு முன்னாடி நீங்க ரெண்டு பேரும் நாலு மணி நேரம் பேசினதைப் பதிவு பண்ணினேனே? ரெண்டு மைக்கையும் ஒரே ஆடியோ பெட்டியில சொருகச் சொன்ன. எனக்குத் தெரியாதான்னு எரிஞ்சு விழுந்துட்டு, ஆளுக்கொரு பெட்டி வச்சேன். ரெண்டும் ஒரே கடிகாரத்துல ஓடணும்னு சாஃப்ட்வேர்ல டிக் பண்ண மறந்துட்டேன். ரெண்டு பெட்டியும் கொஞ்சம் வேற வேற வேகத்துல ஓடி, போகப் போக உன் குரல் அவர் குரலுக்குப் பின்தங்கிடுச்சு. அது தெரியாம ரெண்டையும் ஒண்ணாக் கலந்துட்டு, தனித்தனியா இருந்ததை அழிச்சுட்டேன். இனிப் பிரிக்க முடியாது.

மூஞ்சியப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரல.

பி.கு. பதிவோட கடைசியில "பயமா இருக்காப்பா?"ன்னு நீ கேக்கறதுக்கு முன்னாடியே, "இல்லம்மா"ன்னு சொல்லிடறார்.