அந்தரம்

அக்கா,

நாம் இருவரும் வந்து குடியேறிய இந்தக் குளிர்நாட்டு நகரத்தில், குறொன்லாண்ட் கடைத்தெருவில் காய்கறி வாங்கப் போன இடத்தில், ஒரு கூடை நிறைய உலர்ந்த ஏப்ரிகாட் குவித்து வைத்திருந்தார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் வாங்க வந்ததை மறந்து வெளியே வந்துவிட்டேன். லடாக்கில் நாம் நடந்த ஐந்து நாளும் உங்கள் சட்டைப்பையில் அதுதான் இருந்தது. கொட்டையை உடைத்துப் பருப்பை எனக்குத் தருவீர்கள்.

போகலாம் என்றது நான். ஞாயிறு தவறாமல் இங்கே ரொம்சோஸ் காட்டுக்குள் நடப்பவருக்கு இமயமலை எம்மாத்திரம் என்று உசுப்பிவிட்டதும் நான்தான். ஒரு பச்சை இலைகூட இல்லாத அந்த மண்மலைகளைப் பார்த்து, "கடவுள் இஞ்சை தண்ணி ஊத்த மறந்திட்டார்" என்றீர்கள். சொன்ன கையோடு சிலுவை அடையாளமும் போட்டுக்கொண்டீர்கள்.

நான் கோயம்புத்தூர், நீங்கள் கடலுக்கு அந்தப் பக்கம் ஊர்காவற்றுறை. என் தமிழில் பாதி இங்கிலீஷ் என்று வழியெல்லாம் கிண்டல் செய்தீர்கள். உங்கள் தமிழ் எனக்கு அத்துப்படி என்று நான் பீற்றிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் கணவாய்க்கு ஏறும்போது ஒரு பாறையில் உட்கார்ந்தீர்கள். "எனக்கு ஒரு அந்தரமாக் கிடக்கு" என்றீர்கள். மூச்சு வாங்கியது, எனக்கும்தான் வாங்கியது. என்ன சொல்கிறார் என்று வழிகாட்டி என்னிடம் கேட்டார். அந்தரம் என்றால் எனக்கு ஆகாயம். வானத்தில் மிதப்பது போல இருக்கிறதாம் என்று, தில்லியில் படித்தபோது கற்ற ஹிந்தியில் சொன்னேன். அவரும் சிரித்துவிட்டு முன்னே நடந்தார். நீங்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து வந்தீர்கள்.

அதுதான் அக்கா, உங்கள் மேலும் எனக்கு ஆத்திரம். இருபது வருடம் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்து, அடுத்தவர் முகத்தைப் பார்த்தே நோவைச் சொன்னவர், தனக்கென்று வந்தபோது இன்னும் ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை? ஏன் எழுந்தீர்கள்?

கணவாயைத் தாண்டும்போதே உங்கள் உதடு நீலம் பாரித்துவிட்டது. குதிரையில் ஏற்றி இறக்கினோம். சாலைக்கு வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. நுரையீரலில் நீர் கோத்திருந்தது, ஏறாமல் அப்போதே இறக்கியிருக்க வேண்டும் என்றார் மருத்துவர்.

அடக்கம் முடிந்து உங்கள் வீட்டில் இருந்தபோது, நீங்கள் கடைசியாக ஏதும் சொன்னீர்களா என்று அண்ணா கேட்டார். உங்களைக் கட்டியவர் அவர்; ஆறுதலாக இருக்கட்டும் என்று, அந்தரமாக இருக்கிறது, பறப்பது போல இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னீர்கள் என்றேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்தரம் எண்டா வானமில்லை, தங்கச்சி. ஏலாமக் கிடக்கு, என்னவோ செய்யுது எண்டுதான் அவ சொல்லியிருக்கிறா."

திட்டுவதை உங்கள் ஊரில் பேசுவது என்பீர்கள். அந்தச் சொல்லாவது எனக்குச் சரியாகத் தெரியும். அண்ணா அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. என்னைப் பேசவும் இல்லை. மூன்று முறை உங்கள் வீட்டு வாசல்வரை போய் மணியை அழுத்தாமல் திரும்பிவிட்டேன். ஒரே ஒரு தடவை அவர் கதவைத் திறந்து, உங்கள் தமிழில் என்னை வாய் ஓயப் பேசிவிட்டால் போதும்.