யாரும் பார்க்காத பெட்டிகள்

வெள்ளவத்தை
03.02.2025

பேரன்புக்குரிய சாமினி அக்காவுக்கு,

ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருவது: எனது இடதுகால் செருப்பு, நேற்று மாலை எங்கள் மாடிப்படியில் வார் அறுந்து அகால மரணமடைந்தது. அன்னார் வலதுகால் செருப்பின் அருமைத் துணைவராவார். இறுதிக்கிரியைகள் நாளை குப்பை லொறி வரும் நேரத்தில் நடைபெறும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், செருப்புக்கடைக்காரர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

இனி உண்மையான செய்தி. எங்கள் ஒழுங்கை முனையில் இருக்கும் வாசகர் சங்க நூலகத்தின் இணையத்தளத்தைப் புதிதாகச் செய்தது யார்? பதினேழு வயது லவன், தனி ஒருவனாக! பழைய தளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெறும் எழுத்து, பள்ளிக்கூட நேரசூசி மாதிரி. இப்போது திரும்பிய பக்கமெல்லாம் படம். தலைப்பும் படம், பொத்தானும் படம்.

நூலகர் ஷஹீமா மிஸ் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக நின்றார். கண் தெரியாதவர்களும் பாவிக்கிற மாதிரி ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் எழுத வேண்டுமாம். படத்துக்குப் பின்னால் அதற்கென்று ஒரு பெட்டி ஒளிந்திருக்கிறது. பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, போனில் வாசிக்கும் குரல் மட்டும் அதை வாசிக்கும். அத்தனை பெட்டிகளையும் ஒரே பின்னேரத்தில் நிரப்பி முடித்தேன். தளங்களைச் சோதிக்கிற மென்பொருள் நூற்றுக்கு நூறு தந்தது. சங்கக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். சாப்பிடப் பற்றிஸும் தந்தார்கள்.

உங்களுக்கான சேதி: ஒலிநூல் பதிவு தொடங்கிவிட்டது. உயர்தரப் பரீட்சைக்கான வரலாறு, அரசறிவியல் புத்தகங்களைத் தொண்டர்கள் வாசித்து, ஒலிப்பதிவு செய்து தருவார்கள். இடம் கொஞ்சம்தான். பதினைந்தாம் திகதிக்குள் பதிய வேண்டும். எல்லாம் தளத்திலேயே முடியும், கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வரத் தேவையில்லை.

ஈடும் இணையும் இல்லாத இணையக்காரன்,
லவன்


கொட்டாஞ்சேனை
07.02.2025

அன்புள்ள தம்பி லவனுக்கு,

செருப்பின் ஆத்மா சாந்தியடையட்டும். உன் கடிதத்தைப் போன்தான் எனக்கு வாசித்தது. அந்தக் குரலுக்குப் பகிடி தெரியாது, செய்தி மாதிரி வாசித்தது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "ஐயோ, ஆரடி? ஆர் போனது?" என்று கேட்டா. "செருப்பு, அம்மா" என்றேன். பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு! எனக்குப் பார்வை போன பிறகு இந்த வீட்டில் அப்படிச் சிரித்தது குறைவு. நீங்கள் மேல்மாடியிலும் நாங்கள் கீழேயும் இருந்த காலத்தில், அழைப்புமணியை அடித்துவிட்டு ஓடுகிறவன் நீ என்று அம்மா இன்னும் சொல்லுவா.

உன் தளத்துக்குப் போனேன். பழையது வடிவில்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அதில் நான் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவித் தாவி வேண்டிய இடத்துக்குப் போய்விடுவேன். இதில் பதிகிற இடத்தைக் காணவில்லை. எங்கே இருக்கிறது என்று சொல்லு, தம்பி.

கெதியாகச் சொல்லு. அம்மா புறக்கோட்டைத் துணிக்கடையில் பகல் முழுக்க நின்றுவிட்டு வந்து எனக்குப் பாடம் வாசிக்கிறா. இரண்டு பக்கத்தில் தொண்டை கட்டிவிடும். அந்த ஒலிப்பதிவு கிடைத்தால்தான் நவம்பரில் நான் பரீட்சை எழுதலாம். போன வருடமும் எழுதவில்லை.

அன்புடன்,
சாமினி அக்கா


வெள்ளவத்தை
08.02.2025

அன்புள்ள அக்கா,

பதிவுப் பொத்தானைக் காணவில்லையா? வெள்ளவத்தையில் நின்றுகொண்டு கடலைக் காணவில்லை என்கிற மாதிரி இருக்கிறது! முதல் பக்கம், வலது பக்கத்து மூலை, செம்மஞ்சள் நிறம், வத்தகப்பழம் அளவு. கண்ணை மூடிக்கொண்டே அமத்தலாம்.

பிழை தளத்தில் இருக்காது. நூற்றுக்கு நூறு வாங்கின தளம். உங்கள் போன்தான் பழசு, ஒருக்கால் அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

இந்தக் கிழமை முழுக்கப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி. முடிந்ததும் எழுதுகிறேன்.

அவசரத்தில்,
லவன்


கொட்டாஞ்சேனை
17.02.2025

லவனுக்கு,

செம்மஞ்சளை நான் எந்த விரலால் தேடுவது?

போனை அணைத்துப் போட்டேன். ஒவ்வொரு படமாகத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றைத் தொட்டால், "மொட்டைத்தலை மாமா முறைக்கிறார்" என்றது. இன்னொன்று, "இது படம், பிறகென்ன புட்டா?" என்றது. அடுத்ததைத் தொட்டேன். "அமத்தாதே, கடிக்கும்" என்றது. எனக்குச் சிரிப்பும் வந்தது. ஏதோ ஏமாற்று விளம்பரமாக்கும் என்று விட்டுவிட்டேன். கண் தெரியாமல் அப்படி ஒன்றை அமத்தி, வங்கியில் இருந்ததை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

நூலகத்துக்குப் போன் எடுத்தேன். யாரோ ஒரு பெடியன், "எல்லாம் தளத்தில இருக்கு, பாருங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, அம்மாவுக்கு லீவு. அவ பார்த்துவிட்டு, "இஞ்ச பெரிசா ஒலிநூல் பதிவு எண்டு போட்டிருக்கே பிள்ளை" என்றா. என் விரலை அந்த இடத்தில் வைத்தா. குரல் அப்போதும் சொன்னது, அமத்தாதே, கடிக்கும் என்று. அமத்தினோம். பதிவு பதினைந்தாம் திகதியோடு முடிந்துவிட்டது என்று வந்தது.

அம்மா போனை மேசையில் வைத்துவிட்டுப் போய் உடுப்புத் தோய்த்தா. தோய்க்க அன்றைக்கு உடுப்பு இருக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அந்த விளக்கங்களை எழுதினவரைக் கண்டால் ஒன்று சொல்லு. ஒருத்தி அவர் சொன்னதைக் கேட்டு நடந்தாள்.

சாமினி


வெள்ளவத்தை
23.02.2025

சாமினி அக்காவுக்கு,

எழுதினவனைக் கண்டேன். தினமும் முகம் கழுவும்போது காண்கிறேன். உங்களுக்கும் தெரியும். தெரிந்தும் நேரே கேட்காமல் விட்டீர்கள், அதுதான் கூடச் சுடுகிறது.

விளக்கம் எழுத அலுப்பாக இருந்தது. இந்தப் பெட்டிகளை ஒருத்தரும் பார்க்கப் போவதில்லை என்று நினைத்துத்தான் பகிடி எழுதினேன். அந்த ஒருத்தருக்குள் நீங்களும் இருக்கிறீர்கள் என்பது உங்களுக்குக் கடிதம் எழுதும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. மென்பொருள் தந்த நூறும் அவ்வளவுதான். பெட்டி நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் அது பார்க்கும், உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காது.

ஷஹீமா மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். அவர் ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். என் போனின் திரையை முழுக்கக் கறுப்பாக்கி, குரலைப் போட்டுத் தந்து, "இப்ப நீ பதி, பாப்பம்" என்றார். எனது பகிடிகளை நானே கேட்டேன். நடுவில் எங்கே நிற்கிறேன் என்று தெரியாமல் போய்விட்டது. "காணும் மிஸ், நிப்பாட்டுவம்" என்றேன். "சாமினியும் அப்பிடிச் சொல்லேலுமா?" என்று கேட்டார்.

உங்களுக்காகச் சங்கத்தில் கதைத்தார். எல்லா வாசிப்பாளர்களையும் வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள், எடுக்க முடியாது. நான் வாசிக்கவா என்று கேட்டேன். "இடையில பகிடி விட்டா அண்டைக்கே நிப்பாட்டுவன்" என்றார். வரலாற்றின் முதல் பாடத்தை இத்துடன் அனுப்புகிறேன். ஆண்டுகளை மெதுவாகச் சொல்லியிருக்கிறேன். என் குரலைக் கேட்க உங்களுக்கு விருப்பமில்லாமல் இருக்கலாம். அப்படியென்றால் அழித்துவிடுங்கள், வேறு யாரையாவது பிடித்து வாசிக்க வைக்கிறேன். உங்கள் அம்மாவிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, அக்கா. தளத்தைத் தனி ஒருவனாகச் செய்தேன் என்று எழுதினேனே, நான் ஒன்றும் செய்யவில்லை. தேடுவது, பதிவது எல்லாம் பழைய தளத்தில் முன்னமே இருந்தவை. நான் மேலே படங்களை ஒட்டினேன், அவ்வளவுதான். நேற்று மிஸ்ஸும் நானும் இருந்து அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். அடியில் நீங்கள் தாவித் தாவிப் போகிற தலைப்புகள் எல்லாம் அப்படியே இருந்தன.

லவன்