துலாமழைக்காலத்தில் என் நீல வண்டி

செப்டம்பர் 13, சனி

நெய்யாற்றின்கரைக்குப் போய் அந்த வண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். மின்சார வண்டி. ஜீப்பைப் போல நல்ல உயரம், நீல நிறம். மூன்று வருடம் ஒரு பல்மருத்துவர் ஓட்டியது. விற்கிற சஜு பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்கு ஏறி எறங்க செரமமில்லையே?" என்றான். நான் சுற்றிப் போய் ஓட்டுகிற இருக்கையில் ஏறிச் சாவிக்குக் கை நீட்டினேன். அவன் பின்கதவைச் சாத்திவிட்டு வந்து சாவியைத் தந்தான்.

வெள்ளறடை ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சமதரையில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்.

செப்டம்பர் 15

வெள்ளறடை போய் வந்தோம். நான் ஓட்டினேன், பக்கத்தில் சஜு. பாரம் வேண்டுமே என்று பின்னால் இரண்டு பேரை ஏற்றினேன் - வீட்டு வேலைக்கு உதவுகிற குமாரி, பக்கத்து வீட்டுப் பொன்னப்பன். பொன்னப்பன் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"ஸ்டார்ட் பண்ணுங்கம்மா, நேரமாவுது," என்றார்.

"ஓடிக்கொண்டுதானே இருக்கிறோம்."

வெளியே எட்டிப் பார்த்தார். "எடா பாவீ! இது வண்டியா பூனையா?"

ஏற்றத்தில் செலவான சார்ஜில் கொஞ்சம் இறக்கத்தில் திரும்ப ஏறியது. எனக்கு அது பிடித்தது. எதையும் வீணாக்காத வண்டி.

செப்டம்பர் 16

வாங்கிவிட்டேன்.

செப்டம்பர் 17

பெங்களூரிலிருந்து மகன் சபரிநாதன் கூப்பிட்டான். "இந்த வயசில ஒனக்கு எதுக்கும்மா காரு?"

"ஓட்டுவதற்கு."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்பா போனப்பொறம் ஒத்தைக்குத்தானே அங்க கெடக்கே? ராத்திரி ஒரு ஆட்டோ கூப்பிட்டா வருமா? வீட்டப் பூட்டிட்டு இங்க வந்திரும்மா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எலே, அப்பா திதிக்கு நீ வருவேல்லா? பாறசாலை ஸ்டேசன்ல இருந்து இந்த வண்டியில நான் ஒன்ன கூட்டிட்டு வருவேன். அது முடியல்லேன்னா வீட்டப் பூட்டி ஒன் பொறத்தால வாறேன். போதுமா?"

"போதும். பேச்சு மாறப்பிடாது," என்றான்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவனும் மருமகள் மஞ்சுவும் இருக்கிற பெங்களூர் ஃபிளாட்டில் ஜன்னலைத் திறந்தால் அடுத்தவர் ஜன்னல். சொன்னது சொன்னதுதான்.

அக்டோபர் 9

பதிவுச் சான்று வந்துவிட்டது. உரிமையாளர்: மரகதவல்லி. ஓர் எழுத்துப் பிசகில்லை. எனக்குப் பாடம் எடுத்த கான்வென்ட் சிஸ்டர்கள் பார்த்தாலும் சிவப்பு மையைத் தொட்டிருக்கமாட்டார்கள்.

பழைய கார் என் வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. மின் இணைப்பு இன்னும் அவர் பெயரில்தான். முழுக்க என் பெயரில் என்று இந்த வீட்டுக்குள் வந்தது இந்த வண்டி ஒன்றுதான்.

அக்டோபர் 12, ஞாயிறு

குமாரியுடன் பொழியூர் கடற்கரை வரைக்கும் ஓட்டினேன். கடல் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்திருக்கிறது. திரும்பும்போது குமாரி, "அம்மா, நல்ல சாளை கெடக்கு. பின்னால ஒரு மூலையில வெச்சுக்கிடட்டா?" என்றாள்.

"மீனெல்லாம் ஏத்தப்பிடாது. சைவ வண்டி ஆக்கும்."

"வண்டியும் உங்க கூட்டமா?" என்றவள் மீனோடு பஸ்ஸில் போனாள். பொன்னப்பன் கேள்விப்பட்டு, "சரிதானே, பெட்ரோல்கூட குடிக்காத வண்டியல்லவா!" என்றாராம்.

அக்டோபர் 20

ஐப்பசி பிறந்ததும் துலாமழை பிடித்துக்கொண்டது. சாயங்காலமானால் இடி. முதல் முழக்கத்துக்கே எல்லா பிளக்கையும் பிடுங்கி மெயினை அணைத்துவிட வேண்டும். விடிந்த பிறகுதான் போட வேண்டும். ஒரு துலாத்தில் டிவி எரிந்ததிலிருந்து அவர் வைத்த சட்டம் இது. அவர் இல்லாத இந்த மூன்று வருடத்திலும் நான் ஒருநாள்கூடத் தவறியதில்லை.

வண்டியைச் சாயங்காலம் சார்ஜில் போட்டு ராத்திரி முழுக்க விட வேண்டும் என்பது சஜுவின் சட்டம். அதையும் தவறவில்லை. தினமும் ஆறு மணிக்குப் பிளக்கைக் குத்துகிறேன், இடி கேட்டதும் பிடுங்குகிறேன்.

அக்டோபர் 24

சார்ஜ் பாதிக்கும் கீழே. "இடி போனப்பொறம் திரும்பக் குத்தினா என்ன?" என்று குமாரி கேட்கிறாள். போன இடி திரும்பி வராது என்று யார் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது? நாளைக்கு மழை இருக்காது.

அக்டோபர் 25

இருந்தது.

அக்டோபர் 27, திங்கள்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. பாங்குக்குப் போய்த் திரும்பும்போது குளத்தூர் பக்கம் சார்ஜ் தீரப்போகிறது என்று திரையில் ஓர் ஆமைப் படம் வந்தது. வண்டியும் ஆமையாகவே போயிற்று. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தே கொன்றான். குமாரி வீட்டு முற்றம் வரை எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். அடுக்களை ஜன்னல் வழியாக வயர் இழுத்துத் தந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். உள்ளே மீன் கொதிக்கும் வாடை. வியாழக்கிழமை திதிக்குச் சபரி வருகிறான் - பெட்டி கட்ட வேண்டியதுதானா?

முற்றத்தில் சுள்ளென்று வெயில். மேகமே இல்லை. சேலைத்தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டபோதுதான் உறைத்தது. துலாத்தில் காலையில் என்றைக்கு இடி இடித்திருக்கிறது? மூன்று மணிக்குப் பிறகுதானே எல்லாம்! சாயங்காலம் என்று சஜு சொன்னான் என்பதற்காகச் சாயங்காலத்தையே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். விடிந்ததும் குத்தினால் இரண்டு சட்டமும் தேவையில்லை. இல்லை - அவருடைய சட்டம் இருக்கட்டும். சஜுவுடையதைத்தான் மாற்ற வேண்டும்.

"சபரியண்ணன் கேட்டா என்ன சொல்லட்டு?" என்றாள் குமாரி.

"வாயத் தொறந்தியானா பாத்துக்கோ."

"தொறக்கமாட்டேன். ஆனா புதங்கெழம சாளை நம்ம வண்டியில வரும்."

நம்ம வண்டியாம்! மூடி போட்ட வாளியில்தான் வர வேண்டும் என்று சொன்னேன்.

அக்டோபர் 28

விடிந்ததும் குத்தினேன். கோயிலுக்கு நடந்தே போய் வந்தேன். மூன்றரைக்கு இடி முழங்குவதற்குள் முக்கால்வாசி ஏறிவிட்டது.

அக்டோபர் 29

மீன் வந்தது. வாளிக்கு மூடி இருந்தது, இறுகத்தான் இல்லை. வேறு ஏதோ வாளியின் மூடி. பின்பகுதியை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அக்டோபர் 30, வியாழன்

பாறசாலை ஸ்டேஷனில் கொட்டுகிற மழை. ஓர் ஆட்டோகூட இல்லை. வாசலை ஒட்டி நிறுத்தியிருந்தேன். சபரி நனைந்துகொண்டே ஓடிவந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தான். "நவுரும்மா, நான் ஓட்டுறேன்."

"அந்தப் பக்கம் ஏறு."

ஏறினான். மேலே இருக்கும் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டான். எதிரே லாரி வரும்போதெல்லாம் அங்கே இல்லாத பிரேக்கை அவன் கால் மிதித்தது. கொஞ்சதூரம் போனதும் மூக்கைச் சுருக்கினான்.

"அம்மா, மீன் வாடையா இது?"

"மழை வாடை. பேசாம இரு மக்கா."

இன்னும் கொஞ்சதூரம் போனோம். திரும்பிப் பார்த்தேன், கை கைப்பிடியிலிருந்து நழுவி மடியில் கிடந்தது. வாய் திறந்து தூங்குகிறான், பள்ளிக்கூடம் விட்டு வந்தவனைப்போல. வீட்டு வாசலில் நிறுத்தினேன். வண்டி நின்றதுகூட அவனுக்குத் தெரியவில்லை. மழை குறையும் வரை எழுப்பவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

திதி குறைவில்லாமல் முடிந்தது. சபரியைக் கொண்டுபோய் ரயிலேற்றினேன். வீட்டைப் பூட்டுகிற பேச்சை அவன் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ரயில் வரும்போது, "அடுத்த தடவ மஞ்சுவையும் கூட்டிட்டு வாறேன். ஸ்டேசனுக்கு வந்திருவேல்லா?" என்றான்.

"நீ சமயத்துக்கு வந்து சேரு," என்றேன்.

திரும்பும் வழியில் பாத்திரக்கடையில் இறுக மூடும் வாளி ஒன்று வாங்கிக்கொண்டு, வண்டியைப் பொழியூருக்குத் திருப்பினேன். குமாரி சாளையோடு காத்திருப்பாள்.