குழாய் போடுவதற்கு முன்

மச்சான்,

இன்று காலை ஆபரேஷன் தியேட்டரில் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் புது வீடியோ லாரிங்கோஸ்கோப்பின் உறையைப் பிரித்தார்கள். அந்தப் பிளாஸ்டிக் வாசனைக்கு, உன்னோடு போட்ட சண்டையெல்லாம் நினைவுக்கு வந்தது. வேலை முடிந்தும் வீட்டுக்குப் போக உடம்பில் தெம்பில்லை. உட்கார்ந்து எழுதுகிறேன்.

2004இல் சிதம்பரத்தில் மயக்க மருந்துப் படிப்பில் சேர்ந்தபோது நமக்குக் கிடைத்தது பழைய லாரிங்கோஸ்கோப்தான். இடது கையால் நாக்கை ஒதுக்கித் தூக்கி, குனிந்து, நம் கண்ணாலேயே மூச்சுக்குழலின் வாயைப் பார்த்துச் சுவாசக் குழாயைச் செலுத்த வேண்டும். அதில் உன் கைக்கு ஈடில்லை. சில வருடங்கள் கழித்து, நான் வேலை பார்த்த இடத்துக்குக் கேமரா வைத்த கருவி வந்தது. அதை மெச்சிப் பேசினால், கடலூர் முதுநகரில் உன் வீட்டிலிருந்து போனில் சிரிப்பாய். டிவி பார்த்துக்கொண்டே வேலை செய்கிறாயா என்று கேட்பாய். பிறகு நிதானமாக, "தெரியறது வேற மச்சான், உள்ள போறது வேற. கேமரா வளைஞ்சு பாக்கும். ட்யூபும் வளைஞ்சு போவணுமில்ல" என்பாய். உண்மைதான். திரையில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தும் குழாய் போகாமல் வியர்த்திருக்கிறேன்.

அதற்குள் உன் முதுகெலும்பு இறுகத் தொடங்கியிருந்தது. எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் நோய். முதலில் இடுப்பு, அப்புறம் கழுத்து. குனிய முடியாமல் போனதும் நீயும் கேமராவுக்கு மாறினாய். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது சாதாரணமாகச் சொன்னாய்: "எனக்கு ட்யூப் போடற நெலம வந்தா நீ வா. கேமராவ எடுத்துக்கிட்டு வா." நான் பேச்சை மாற்றினேன்.

2011 மழைக்காலத்தில் உன் மனைவி ஸ்டெல்லா போன் செய்தாள். நிமோனியாவோடு நீ கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். கருவியை மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தேன். மூச்சு வாங்க, கட்டிலில் கையூன்றி உட்கார்ந்திருந்தாய். தூங்க வைத்தால் மூச்சு நின்றுவிடலாம். விழித்திருக்கும்போதே போட வேண்டும். தொண்டையை மரத்துப்போக வைக்கும் மருந்தை நான் எடுத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"இரு. மொதல்ல ஸ்டெல்லாவ கூப்புடு. அப்பறம் பேச முடியாது."

நர்ஸ் அவசரப்படுத்தினாள். ஸ்டெல்லா உள்ளே வந்தாள். பெரிய பேச்சு ஒன்றுமில்லை. பாப்பாவின் இருமல் மருந்து ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது என்றாய். சாப்பிட்டியா என்று அவளைக் கேட்டாய். அவள் உன் நெற்றியைத் துடைத்துவிட்டு, "வெளியதான் நிக்கிறேன்" என்றாள்.

திரையில் உன் குரல்நாண்கள் தெரிந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் விலகின, சேர்ந்தன. இத்தனை வருடம் என்னோடு சண்டை போட்ட குரல் அங்கிருந்துதான் வந்தது. குழாயை நீ சொன்ன மாதிரியே வளைத்து வைத்திருந்தேன். முதல் தடவையிலேயே போனது. நீ கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாய்.

நுரையீரல் தேறவில்லை. அடுத்த வாரம் போய்விட்டாய்.

எந்தக் கருவி மேல் என்று இப்போதும் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

ஆனால் குழாய் போடுமுன், அவகாசம் இருந்தால், வெளியே நிற்கும் வீட்டாரைக் கூப்பிடச் சொல்கிறேன். மாட்டைக் கட்டியாச்சா, கதவைப் பூட்டினியா என்றுதான் பெரும்பாலும் பேசிக்கொள்கிறார்கள். சிலர் கையை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் முடிக்கும்வரை, மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நிற்கிறேன்.