உம்முடைய முழங்கால் நோவு

குசினியில் சரக்கு வறுபடுகிறது. மல்லி, மிளகு, நற்சீரகம், வேர்க்கொம்பு. பிள்ளை பெற்றவளுக்குக் கறி காய்ச்சிக் கொடுக்கவென்று உம்முடைய தங்கை லண்டனின் மறு தொங்கலில், மனோர் பார்க்கிலிருந்து வந்து நிற்கிறா. புகை மேலே போய்க் கூரையிலிருக்கும் அலாரத்தைக் கிளப்பிவிட்டது. அவ தும்புத்தடியைத் தூக்கி அதற்கு ஒரு அடி போட்டு, "மணம் தெரியாத சனியன், சும்மா கிட" என்று ஏசுகிறா. தொட்டிலில் கிடக்கும் உம்முடைய பேத்தி கண்கூடத் திறக்கவில்லை.

அந்த மணம் மூக்கில் ஏறியதும் உம்மோடு கதைக்கவேண்டும் போலிருந்தது. எனக்கு எழுத்து வராது என்பது உமக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எங்கள் மகள் வதனிதான் எழுதுகிறாள். சனிக்கிழமைகளில் அவளை அழ அழத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நீர் இழுத்துக்கொண்டு போனது வீண்போகவில்லை. இன்னும் நிமிர்ந்து இருக்க அவளுக்கு ஏலாது. வயிற்றோடு ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு எழுதுகிறாள். ஓம், ஒப்பரேசன்தான்.

நீர் கண்ணை மூடி இரண்டாவது வருடம் அவளுக்குப் பிள்ளை தங்கியது. கொஞ்ச மாதத்தில் இரத்தத்தில் சீனியும் ஏறிவிட்டது, பிள்ளையும் பெரிது என்றார்கள். பெரிய டொக்டர் அவளைக் கூப்பிட்டு இருத்திக் கதைத்தாவாம். நாள் வைத்து வெட்டி எடுக்கலாம், இல்லாவிட்டால் மருந்து வைத்து நோவை வரப்பண்ணி இயற்கையாகவும் பார்க்கலாம். இரண்டிலும் நல்லதும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. முடிவை நீங்கள்தான் சொல்லவேண்டும் என்றாவாம். மருமகன், "உடம்பு உன்ரை, நீ சொல்லுறதுதான்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

உம்முடைய தங்கை ஒதுங்குவாவா? கோலியர்ஸ் வுட்டில் வதனியின் வீட்டுக் கதிரையில் வந்து இருந்தபடியே தொடங்கினா.

"கல்யாண ஹோல் புக் பண்ணுற மாதிரியெல்லோ இப்பத்தைப் பிள்ளையள் பெறுறதுக்கும் நாள் புக் பண்ணுறியள். கொம்மா ஷெல்லடிக்குள்ளை, ஒரு ஊசியில்லை, ஒரு தையலில்லை, ரெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடந்து உன்னைப் பெத்தவ. நீ அவவின்ரை பிள்ளையெல்லோ?"

"சின்னம்மா, உங்களுக்கு ரெண்டும் ஒப்பரேசன்தானே?"

"அதாலைதானடி சொல்லுறன். இண்டைக்கும் குனிஞ்சு ஒரு பானை தூக்கேலாது. மழை வரப்போகுது எண்டு ரேடியோவுக்கு முதல் என்ரை வயிறு சொல்லும்."

வதனி சிரித்தாள். பிறகு வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "அம்மா பெத்தவ. நானும் பெறுவன்" என்றாள்.

நான் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றேன். நீர் அவளைப் பெற்ற கதை எங்கள் சனத்துக்குள் எவ்வளவு பெரிய கதை என்பது உமக்குத் தெரியும்தானே. கல்யாண வீட்டில், சாமத்திய வீட்டில், எந்தப் பெண் பிள்ளைத்தாய்ச்சியாக வந்து இருந்தாலும் உம்மைக் காட்டித்தான் சொல்வார்கள். அப்போது நீர் தலையைக் குனிந்து லேசாகச் சிரிப்பீர். அதைப் பெருமை என்று நினைத்தார்கள்.

எனக்கு மட்டும்தான் தெரியும். அன்றைக்கு ஊரில் சண்டையால் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற றோட்டு அடைபட்டுக் கிடந்தது. வீட்டு அறைக்குள் உம்மையும் மருத்துவிச்சியையும் விட்டுவிட்டு நான் வெளியே இருந்து, ஷெல் விழும் சத்தம் எது, நீர் கத்தும் சத்தம் எது என்று பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் பிள்ளை நீலமாக வந்து, கொஞ்ச நேரம் கழித்து அழுதது. அதோடு எல்லாம் நல்லபடி முடிந்தது என்று ஊர் நினைத்தது. அன்றைக்குப் பிறகு உமக்குச் சலம் நிற்கவில்லை, சிறுநீர் தன்பாட்டில் போகும். இருமினால் போகும், எழும்பினால் போகும், நடந்தால் போகும்.

"இதையும் எழுதட்டோ அப்பா?" என்று வதனி கேட்கிறாள். எழுது என்கிறேன்.

லண்டனுக்கு வந்த பிறகும் அப்படித்தான். கைப்பையில் மடித்த துவாய் இல்லாமல் நீர் வாசல் தாண்டியதில்லை. சுரங்க ரயிலில் ஏறமாட்டீர். பஸ்ஸில் கதவோடு இருக்கும் இடம் இல்லையென்றால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பீர். கடும் நிறச் சேலையாகவே வாங்குவீர். கோயிலில் எல்லாரும் முன்னுக்குப் போய் இருக்க, நீர் கடைசியில் தூணோடு நிற்பீர். யாராவது கீழே இருக்கச் சொன்னால், "முழங்கால் நோ, இருக்கேலாது" என்பீர். எடுப்புப் பிடித்தவ, ஆரோடும் ஒட்டாதவ என்று உம்மைப் பற்றிக் கதைத்தது என் காதிலும் விழுந்தது.

டொக்டரிடம் போகவில்லை என்றும் இல்லை. எத்தனையோ தரம் போனோம். எனக்கும் இங்கிலீஷ் இல்லை, உமக்கும் இல்லை. பள்ளிக்கூடச் சட்டையோடு வதனிதான் நடுவில் இருப்பாள். கால் நிலத்தில் முட்டாது. "அம்மாவுக்கு என்ன செய்யுது எண்டு கேக்கிறார்" என்று உம்மைப் பார்ப்பாள். நீர் அவளுடைய முகத்தைப் பார்ப்பீர். அவளைப் பெற்றதால் வந்த வருத்தத்தை அவளுடைய வாயால் எப்படிச் சொல்லுவிப்பது? "முழங்கால் நோ எண்டு சொல்லு பிள்ளை" என்பீர். அவளும் கெட்டித்தனமாகச் சொல்வாள். டொக்டர் உம்முடைய முழங்காலை அமத்திப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், பூசுகிற மருந்து எழுதித் தருவார். வாங்கி வந்ததைப் பூசாமல் விட்டால் பிள்ளை ஏன் என்று கேட்பாள். பெற்றோல் அடிக்கிற செற்றில் நாள் முழுக்க நின்று வேலைசெய்துவிட்டு வரும் என்னை இருத்தி, என் முழங்காலில் பூசித் தேய்ப்பீர். உம்முடைய பெயருக்கு வந்த மருந்து முழுவதும் என் காலில்தான் முடிந்தது.

ஒரு தரம் டூட்டிங்கில் தமிழ் நேர்ஸ் ஒருத்தி இருக்கிறா, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகத் தேவையில்லை என்று அறிந்து உம்மைக் கெஞ்சிக் கூட்டிப் போனேன். கிளினிக்கின் கண்ணாடிக் கதவுவரை வந்தீர். உள்ளே பார்த்தீர். என் கையைப் பிடித்து இழுத்தீர்.

"இஞ்சாருங்கோ, திரும்புங்கோ. உவள் எங்கட ஊர்த் தபால்காரற்றை மகளெல்லோ? நாளைக்கு மனோர் பார்க் வரைக்கும் மணக்கும். இப்ப மணக்கிறது காணாதே?"

சொல்லிவிட்டு நீரே சிரித்தீர். வரும் வழியில் என்னிடம் வாக்கு வாங்கினீர். "பிள்ளைக்குத் தெரியவேண்டாம். தன்னாலைதான் எண்டு நினைப்பாள்." அதற்குப் பிறகு அந்தக் கதையை நான் எடுக்கவில்லை, நீரும் எடுக்கவில்லை.

இது ஒன்றும் தெரியாமல்தான் அவள் என் முன்னால் நின்று, "அம்மா பெத்தவ, நானும் பெறுவன்" என்றாள். எது நல்லது என்று எனக்கு என்ன தெரியும்? வெட்டத்தான் வேண்டும் என்று நான் நினைக்கவுமில்லை. ஆனால் ஊர்க் கதையில் மட்டும் இருந்த ஒரு தாயைப் பார்த்து அவள் முடிவெடுக்கப் போனாள். உமக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், அவளுடைய உடம்பு மறுபக்கம்.

கிளினிக்குக்குப் போய்விட்டு டூட்டிங்கில் ஒரு கடையில் இருந்தோம். அவள் சீனியில்லாத தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, "திங்கட்கிழமை முடிவு கேப்பினம். இயற்கையாவே பாக்கிறன் எண்டு சொல்லப்போறன் அப்பா" என்றாள். பக்கத்து மேசைகள் எல்லாம் தெரிந்த முகங்கள். "எழும்பு, போவம்" என்று பஸ் தரிப்புக்குக் கூட்டி வந்தேன். தூறிக்கொண்டிருந்தது. ஒரு தகப்பன் மகளுக்குச் சொல்கிற விஷயமா? பஸ் வருகிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"பிள்ளை, கொம்மாவுக்குச் சலம் நிக்கிறேல்லை. நீ பிறந்ததிலையிருந்து சாகுமட்டும்."

எங்கள் பஸ் வந்தது. கதவைத் திறந்து எங்களைப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டு போனது.

"அப்ப முழங்கால்?"

"முழங்காலிலை ஒண்டுமில்லை."

"நான்தானே டொக்டருக்குச் சொன்னனான். ஒவ்வொரு முறையும் நான்தானே சொன்னனான்."

"ஓம்."

"என்னாலையோ அப்பா?"

நீர் பயந்த கேள்வி. இது அவளுடைய வாயில் வரக்கூடாது என்றுதானே அவ்வளவு காலம் நனைந்த சேலையோடு நின்றீர்.

"உன்னாலை இல்லை. றோட்டாலை. ஆஸ்பத்திரியிலை வெட்டி எடுக்கிற டொக்டர் இருந்தவர், போறதுக்கு றோட்டு இருக்கேல்லை. உனக்கு எது வேணும் எண்டு கொம்மாவை ஆரும் கேக்கேல்லை. உன்னைக் கேக்கினம். எதையெண்டாலும் செய், தெரிஞ்சுகொண்டு செய்."

அடுத்த பஸ்ஸில் அவள் என்னோடு இருக்கவில்லை. தள்ளிப் போய் ஜன்னலோடு இருந்தாள். பிறகு சில நாள் போனும் இல்லை. உம்மிலும் கோபம், என்னிலும் கோபம். உமக்குத் தந்த வாக்கை மீறிவிட்டு உம்முடைய படத்துக்கு முன்னால் போய் நிற்கவே கூசினேன்.

ஒரு பின்னேரம் போன் வந்தது.

"அம்மாவின்ரை கதை முழுக்க டொக்டருக்குச் சொன்னனான். இஞ்சை அப்பிடி ரெண்டு நாள் விடமாட்டினமாம். நேரத்துக்கு எடுத்துப்போடுவினமாம். எண்டாலும் ஒப்பரேசன் எண்டு சொல்லிப்போட்டன்."

"பயந்தோ பிள்ளை?"

"ஓம், பயந்துதான். பயப்படக்கூடாதே?"

"சின்னம்மா கேட்டா என்ன சொல்லுவாய்?"

"முழங்கால் நோ எண்டு சொல்லுறன்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அவளுடைய சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒப்பரேசன் ஒரு காலையில் நடந்தது. பிள்ளை பெண். முகத்தில் அப்படியே உம்முடைய நாடி. வதனிக்கு அது லேசாகவும் இருக்கவில்லை. வெட்டின இடம் ஒரு பக்கம் சீழ் வைத்தது. கட்டிலிலிருந்து எழும்ப மருமகன் தூக்கவேண்டும். "இதைத்தான் சொன்னனான்" என்று உம்முடைய தங்கையின் வாய் சொல்லும், கை பிள்ளைக்குத் துணி மடிக்கும். அவவுக்கு இன்னும் உம்முடைய கதை தெரியாது. சொல்வதா விடுவதா என்பதை வதனியிடம் விட்டிருக்கிறேன்.

பிறகு வீட்டுக்கு வந்து பார்க்கிற மிட்வைஃப் வந்தா. பெண்களுடைய விஷயம் என்று நான் எழும்பினேன். "இருங்கோ அப்பா, எழும்பாதேங்கோ" என்றாள் வதனி. தன்னுடைய புண்ணை, பாலை, சலத்தை எல்லாம் கடையில் மரக்கறி விலை கேட்பதுபோல வாய் கூசாமல் கதைத்தாள். கடைசியில் ஒரு நீளமான கேள்வி கேட்டாள். அதற்குள் அம்மாவுக்கு இவர்கள் சொல்லும் "மம்" என்ற சொல் வந்தது. மிட்வைஃப் பேனையை வைத்துவிட்டு முன்னுக்குச் சரிந்து கேட்டா. "யெஸ்" என்றா. தலையாட்டி இன்னொரு தரம் "யெஸ்" என்று, இரண்டு விரலைச் சேர்த்துத் தைப்பதுபோலக் காட்டினா.

"என்னவாம்?" என்றேன்.

வதனி குழந்தையின் முகத்தைத்தான் பார்த்தாள். "ஏலாதாம் அப்பா. அம்மாவுக்கு இருந்த மாதிரி அவ்வளவு பழசெண்டா, டொக்டரிட்டைச் சொல்லியிருந்தாலும் ஒண்டும் செய்திருக்கேலாதாம்."

"சரி பிள்ளை" என்றேன்.

இந்த ஊரில் இத்தனை காலம் இருந்தும் எனக்குக் கிடைத்த இங்கிலீஷ் கொஞ்சம்தான். "யெஸ்" அதற்குள் அடங்கும்.

இந்த இடத்தில் பேனை நின்றுவிட்டது. வதனி தலையை நிமிர்த்தவில்லை. "எழுது பிள்ளை, கொம்மாவுக்குத்தானே" என்கிறேன்.

எழுதுகிறாள். உம்மைச் சுகப்படுத்தியிருக்கலாம் என்பது என்னிடம் இருக்கிறது. ஏலாது என்று பிள்ளை எனக்காகச் சொன்னதும் என்னிடம் இருக்கிறது. இரண்டில் ஒன்றையும் கீழே வைக்க எனக்கு மனமில்லை.